மருதமரப் பட்டையில் இல்லாத பேர்கள்

மரம் பேசிய காலம் என்றால் நம்பமாட்டீர்கள். உடும்பு பேசிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்டில் யார் எங்கே இருக்கிறார் என்பதை உடும்புதான் மருதமரப் பட்டையில் கீறி வைத்திருக்கும். அதைக் கேட்காமல் யாரும் யாரையும் தேடிப் போவதில்லை. விடிந்ததும் எல்லோரும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். மூன்று நாள் குரல் வராவிட்டால் ஆள் செத்ததாக முடிவு, பேரைச் சுரண்டிவிடும்.

ஒரு பெருமழையில் உடும்பின் காதில் சேறு அடைத்துக்கொண்டது.

நாலாம் நாள் கீரி ஓடி வந்தது. அதன் குட்டி, சாய்ந்த மரத்தடியில் சிக்கிக் கதறிக்கொண்டிருந்தது.

"யானை எங்கேண்ணே?" என்று உடும்பின் காதிலேயே வாயை வைத்துக் கத்தியது.

"யானை போய்ச் சேர்ந்துட்டார். புலி, மான், குரங்கு, ஒருத்தர் பாக்கியில்ல. மூணு நாளா சத்தமே இல்லையே."

"நான் உயிரோடதானே நிக்கிறேன்?"

"பட்டையில உன் பேரும் இல்லையேப்பா."

உடும்புப் பிடியோடு வழக்காட நேரமில்லை. போன வாரம் யானையைப் பார்த்த ஆற்றுத்துறைக்கே கீரி ஓடியது. யானை அங்கேதான் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தது. வந்து மரத்தைத் தூக்கியது, குட்டி பிழைத்தது.

திரும்பி வந்த கீரி, "காட்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே, உங்க காதைக் கழுவுங்க" என்று மறுபடி கத்தியது.

உடும்புக்கு ரோஷம் வந்துவிட்டது. "இப்பவே சோதிச்சுடுவோம்" என்று தன் பேரைத் தானே மூன்று முறை உரக்கக் கூப்பிட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

பட்டையில் மிச்சமிருந்த ஒரே பேரையும் சுரண்டிவிட்டு, "நல்ல ஆளு, பாவம்" என்று துக்கம் காக்க உட்கார்ந்தது.