மேகத்துக்குள் ஒரு குரல்

மலைகளைத் தாண்டித் தெற்கே பறந்துகொண்டிருந்தது ஒரு வாத்துக் கூட்டம். முன்னால் பறப்பவர் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். கிழவர் சுடலைக்கு இறக்கை வலி வந்து பின்வரிசைக்குப் போனதிலிருந்து ஆவுடைதான் முன்னால் பறந்தாள்.

அவள் குரல் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் பறந்த கொம்பையா முகத்தைச் சுளித்தான். "மதினி, இப்படிக் கத்தணுமா? காது வலிக்குது."

அவள் குரலைத் தணித்தாள். "இந்த முனகலைக் கேட்டு யாரு பின்னால வருவா?" என்றான் பக்கத்தில் பறந்த வேலாண்டி.

அப்போது மேகம் மூடிக்கொண்டது. அரிசி களைந்த தண்ணீருக்குள் நீந்துவது போலிருந்தது. அவரவர் இறக்கையே அவரவருக்குத் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது: "பாறை! மேல ஏறுங்க! இன்னும் மேல!"

எல்லோரும் கனவில் போவது போல அந்தக் குரலின் பின்னே ஏறினார்கள். பாறையின் ஈர வாசனை மட்டும் அவர்கள் வயிற்றுக்கடியில் கடந்துபோனது.

"சுடலை அண்ணாச்சி முன்னால வந்துட்டாரு போல," என்றான் கொம்பையா நிம்மதியாக. "குரல்னா இது குரல்!"

"பின்ன? என்ன கம்பீரம்!" என்றான் வேலாண்டி.

மேகம் விலகியது. வெயிலில், முன்னால் ஆவுடை பறந்துகொண்டிருந்தாள். சுடலை கடைசி வரிசையில் கண் செருக வந்துகொண்டிருந்தார்.

கொம்பையா சொன்னான்: "இருந்தாலும் மதினி, அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்."

ஆவுடை திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே, யார் முகமும் தெரியாதபடி அடர்ந்த இன்னொரு மேகம் மிதந்து வந்தது. சுற்றிப் போகவும் வழி இருந்தது.

அவள் நேராக அதற்குள் நுழைந்தாள்.