மற்றதெல்லாம்

எட்டு ஐம்பத்தைந்துக்கு இஸ்மத்தின் கைப்பேசியில் செய்தி வந்தது. ‘ரூபினா பள்ளியில் பத்திரமாக இறங்கிவிட்டாள்.’

மகள் ரூபினா காய்ச்சலோடு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலேயே விடுப்பும் பதிந்தாயிற்று.

செய்தியை அனுப்பியது இஸ்மத் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பள்ளி வேன் செயலி. மடிக்கணினியில் அதன் நிரலைத் திறந்தாள்.

செயலியில் முதலில் ஒரு குழந்தைக்கு இரண்டே நிலைகள்: ஏறியது, இறங்கியது. போன வாரம் இன்னும் இரண்டு சேர்ந்தன: விடுப்பு, வண்டி நின்ற பிறகும் இறங்காதது. இந்த நான்கைத் தவிர வேறெதுவும் நுழைய முடியாதபடி பட்டியல் பூட்டப்பட்டிருந்தது.

நிரலில் செய்தி அனுப்பும் இடத்தில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தால், புதியதை விட்டுவிட்டாய் என்று நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரே போன வாரம் நிறுத்தியிருக்கும்.

அங்கே இருந்தது இரண்டே வரி. ஏறியிருந்தால், ‘ஏறிவிட்டாள்’. மற்றதெல்லாம், ‘இறங்கிவிட்டாள்’.

‘மற்றதெல்லாம்’ என்பதை ‘இறங்கியது’ என்று மாற்றினாள். கம்பைலர் மறுத்தது. இரண்டு நிலைகளுக்குப் பதில் இல்லை.

ஒன்று விடுப்பு. அது ரூபினா.

இன்னொன்றை இன்றைய பதிவுகளில் தேடினாள். ஒரே பெயர். தேஜஸ்ரீ, யுகேஜி, நான்காம் நம்பர் வேன். வண்டி நின்றது எட்டு ஐம்பதுக்கு.

மணி ஒன்பதே கால். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

அந்த வேனின் டிரைவர் லட்சுமணசாமிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

“எல்லாரும் எறங்கியாச்சுங்க அம்மணி. எனக்கும் மெசேஜ் வந்துருச்சே.”

“அண்ணா, அது பொய்யுங்க. வண்டியத் தொறந்து சீட்டுக்கெல்லாம் கீழ பாருங்க. ஓடுங்க!”

செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. கதவு இழுபடும் ஓசை.

பிறகு எதுவுமே இல்லை.

இஸ்மத் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“கண்ணு... கண்ணு, எந்திரி சாமி...” டிரைவரின் குரல் உடைந்தது. யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார்கள்.

அப்புறம், மெலிதாக, ஒரு குழந்தை அழுதது.



மதியம் தேஜஸ்ரீயின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். குழந்தை கண் விழித்து ஜூஸ் குடிக்கிறாளாம். அதைச் சொல்லும்போதே அழுதாள்.

“எங்க யாருக்கும் தெரியலீங்க. நீங்க மட்டும் எப்படிங்க அத்தன சீக்கிரம் கண்டுபுடிச்சீங்க?”



“பொய் மெசேஜ் அனுப்புன அந்த வரிய எழுதுனதே நான்தானுங்க” என்றாள் இஸ்மத்.