வெறுங்கழுத்து

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது அம்சவேணியின் வெறுங்கழுத்தைத்தான். பார்த்தார்கள், பலகாரம் தின்றார்கள், போய்விட்டார்கள். நகையே வேண்டாம் என்று இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு தொம்மலூருக்கு அழைத்துவந்த வேதாசலமும் இப்போது தினமும் காலையில் அங்கேதான் பார்க்கிறார்.

அன்று அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்திக்கொண்டு காப்பியை நீட்டினாள்.

"அதை எடு மொதல்ல!" வேதாசலம் கத்தினார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சங்கிலி இல்லாத கழுத்துன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க? அப்புறம் எதுக்குத் தினம் தினம் உத்து உத்துப் பாக்கறீங்க?"

"சங்கிலியா?" அவர் விழித்தார். பிறகு, அந்த வீட்டில் அதுவரை சொல்லாத முதல் மனைவியின் பெயரைச் சொன்னார்.

"ப்ளேக் வந்த வருஷம் மரகதமும் இப்படித்தான் போத்திக்கிட்டுக் காப்பி குடுத்தா. கழுத்துல கட்டி. தெரிஞ்சா ஊருக்கு வெளியே நோயாளிங்க கேம்புக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து மறைச்சிருக்கா. நான்... ஆடிக் காத்துக்குக் குளிருது போலன்னு நெனச்சிட்டேன்."

அம்சவேணி முந்தானையை விலக்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வந்து நின்று, முகத்தை உயர்த்தினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றாள்.