படியேற வைத்த போஸ்டர்

"சக்கத், பிரமாதம் ஜூடித்! லிஃப்ட் இழுக்குற கரன்ட் பாதியாயிடுச்சு. உங்க போஸ்டர்தான் காரணம்" என்றார் மேனேஜர்.

பெங்களூரு கோரமங்களாவின் அந்த ஐந்து மாடி ஆபீசில் மின்செலவைக் கண்காணிக்கும் ஜூடித்துக்குப் பெருமை பிடிபடவில்லை. 'படியேறுங்கள், கரியமில வாயுவைக் குறையுங்கள்' என்று தான் ஒட்டிய போஸ்டரைப் பார்க்கவே படியேறினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரே கூட்டம். போஸ்டரை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதன் கீழே, ஜன்னல் கம்பியில் கட்டிய புடவைத் தூளியில் ஒரு குழந்தை பொக்கைவாய் காட்டிச் சிரித்தது. ஆளாளுக்குக் கொஞ்சிவிட்டு மேலே போனார்கள்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள், ஆபீசைப் பெருக்கும் மகா. "வீட்ல பாத்துக்க ஆளில்ல மேடம். இப்பவே கழட்டிடறேன்."

குழந்தை பிடித்த விரலை ஜூடித் இழுத்துக்கொள்ளவில்லை.

"கழட்டு மகா. கழட்டி, அஞ்சாவது மாடியில கட்டு."