இரண்டாம் பாகத்துக்கு வாப்பாவின் சிரிப்பு

சங்கரன்கோவில் தியேட்டரின் பகல் காட்சியில் சாஜிதா பானு செல்போனைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். யானைக்குட்டி கார்ட்டூனின் முதல் பாகத்தைப் போன லீவில் மூவருமாக இதே வரிசையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். அன்று அவள் கணவன் சிஹாபுதீன் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பாப்கார்ன் எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சவுதியில் அறைக் கட்டிலில் படுத்தபடி வீடியோ காலில் பார்க்கிறான். அவன் சத்தம் சாஜிதாவின் இயர்போனில் மட்டும் கேட்கிறது. யானைக்குட்டி வழுக்கி விழும்போதெல்லாம் மகள் ரூபியா இருட்டில் அவள் கையைச் சுரண்டுகிறாள். "வாப்பா சிரிக்காங்களா உம்மா?" "சிரிக்காங்க மக்கா." சிரிக்கத்தான் செய்கிறான். ஆனால் நடுநடுவே நெஞ்சைத் தடவிக்கொள்கிறான். அங்கே ஏசி இரைவது கேட்கிறது, அவன் நெற்றியிலோ வேர்வை மினுங்குகிறது. "என்ன மச்சான் செய்யுது?" என்று கிசுகிசுக்கிறாள். "ஒண்ணுமில்லட்டி, கேஸுதான். போனை ஆட்டாமப் புடி, யான விழப்போவுது."

அவள் கையை ஆடாமல் நிறுத்துகிறாள். யானைக்குட்டி ஆற்றுக்குள் தலைகுப்புற விழுகிறது. தியேட்டரே சிரிக்கிறது. செல்போனில் அவன் முகம் சரிகிறது, தலையணை தெரிகிறது, பிறகு வெள்ளை சீலிங் மட்டும் அசையாமல் நிற்கிறது. இயர்போனில் கதவு திறக்கிற சத்தம். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மறுபடியும், இன்னும் உரக்கக் கூப்பிடுகிறார்கள். நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் சாஜிதா அப்படியே இருக்கிறாள்.

"வாப்பா சிரிச்சாங்களா உம்மா?"

சாஜிதா மறு கையால் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். ரூபியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறாள்.

"சிரிக்கலையா? அப்ப மொத பாகந்தான் நல்லாருக்கு."