சாப்பிடாத பால்பழம்

அவர் தொடையில் ஏதோ அதிர்ந்தது.

நெல் மூட்டையின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மகள், கூறைப்புடவையில். எதிரே மாப்பிள்ளை தாலிச் சரட்டுடன் நின்றான்.

மறுபடி அதிர்ந்தது.

புடவைக்குள், அவள் இடுப்பில் செருகியிருந்த பம்ப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கையில் ஒட்டிய சென்சார் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துச் சொல்லும். வேண்டிய இன்சுலினை பம்ப் தானே செலுத்தும். பதினோரு வயதிலிருந்து சாருமதிக்குச் சர்க்கரை நோய்.

இப்படி அதிர்ந்தால் சர்க்கரை வேகமாக இறங்குகிறது என்று அர்த்தம்.

ஏன் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகூர்த்தத்துக்கு முன்னால் ஊஞ்சலில் உறவுப் பெண்கள் ஆளுக்கு ஒரு ஸ்பூன் பால்பழம், பாலில் பிசைந்த வாழைப்பழம், கொடுப்பார்கள். பத்துப் பேர் என்று கணக்குப் போட்டு, அதற்கான இன்சுலினை அவள் முன்கூட்டியே போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து வேறு எதுவும் சாப்பிடவில்லை. இரண்டாவது மாமி கொடுத்து முடித்ததுமே வாத்தியார் குரல் கொடுத்துவிட்டார்.

"போறும் மாமி, முகூர்த்தத்துக்கு நாழியாயிடுத்து!"

எட்டு ஸ்பூன் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. இன்சுலின் நிற்காது. பம்ப் இனிமேல் கொடுக்காமல் இருக்கும், அவ்வளவுதான். கொடுத்ததைத் திருப்பி எடுக்க அதற்குத் தெரியாது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டார். "அவாகிட்ட சொல்லிடலாம்ப்பா" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். கல்யாணம் ஆகட்டும் என்றார்.

அவள் முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. தலை அவர் தோளில் சாய்ந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பும். ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் அழுகிறாளாம்.

சீர்த் தட்டுகளில் முதல் தட்டில் கற்கண்டு இருந்தது. அவர் கைக்கு எட்டாது. மாப்பிள்ளை குனிந்தால் எட்டும். அவர் இரண்டு கையாலும் மகளைப் பிடித்திருந்தார். விட்டால் விழுந்துவிடுவாள்.

பம்ப் கீச்சிடத் தொடங்கியது.

இதற்குப் பயந்துதான் விடிந்ததும் தவில்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தார். தாலி கட்டும்போது வேறு ஒரு சத்தமும் யார் காதிலும் விழக்கூடாது. தும்மலுக்குப் பயப்படுகிற மனுஷர் என்று தவில்காரர் சிரித்தார்.

வாத்தியார் கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டினார்.

தவில்காரர் சொன்ன சொல் தவறவில்லை.

"சர்க்கரை! என் பொண்ணுக்கு சர்க்கரை குடுங்கோ!"

கத்தியது அவருக்கே கேட்கவில்லை. நாலு பக்கமிருந்தும் அட்சதை விழுந்தது. திறந்த வாயிலும் இரண்டு அரிசி விழுந்தது. தன்மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

மறுபடி கத்தினார்.

மாப்பிள்ளை முதல் முடிச்சுக்குக் குனிந்திருந்தான். அவன் காது அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவன் அவரைப் பார்த்தான். பிறகு அவளை. பிறகு, கீச்சிடும் அவள் இடுப்பை.

மேளம் நிற்கவில்லை.

சரட்டிலிருந்து அவன் கை விலகி, கற்கண்டுத் தட்டுப் பக்கம் நீண்டது.