நேர்ந்துவிட்ட முடி

தலையணை உறையை உதறினான். விழுந்ததெல்லாம் முடி.

அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது.

அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தான். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருக்கிற மனிதன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மை அடித்து வெயிலில் காயவைக்கிற மனிதன்.

கொட்டட்டும் என்று நினைத்தாள்.

டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுடைய பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தமெல்லாம் நின்றது. அத்தனை பேர் காதிலும் விழும்படி அவன் பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டான். பிழைக்கவைத்தால் பொண்டாட்டியின் முடியை முழுசாக இறக்கிவிடுவதாக.

அவளுடைய முடியை.

இடுப்பைத் தாண்டி இறங்கும் முடி. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் இன்னும் அவளிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். நகையெல்லாம் அவன் கடைக்குள் போய்விட்டது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இவன் கடைக்காரியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே உடைத்தான். அவள் கையில் அவனுக்காகப் பிழிந்த பப்பாளி இலைச் சாறு இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தலையாட்டினாள். வேறு என்ன செய்ய?

அவன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். அடுத்து அவளுக்கு அதே காய்ச்சல். மூலையில் பாயில் கிடந்தாள். நடுவில் எழுந்து சோறும் வடித்தாள். அவளுக்காக யாரும் எதையும் நேர்ந்துவிடவில்லை. அவளேகூட அதை ஒரு காய்ச்சலாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழனிப் பயணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குத் தூரம் என்றாள். பங்காளி வீட்டுத் தீட்டு இன்னும் கழியவில்லை என்றாள். மகளின் பரீட்சை வேறு வாகாக வந்து சேர்ந்தது.

அதற்குள் அவன் முடி கொட்ட ஆரம்பித்தது.

சாமி குத்தம் என்று முடிவு கட்டினான். எல்லாம் அவளால் வந்தது. சோற்றில் முடி விழுந்தால் தட்டை அவள் பக்கம் தள்ளினான். அது அவன் முடிதான்.

டாக்டரிடம் போனார்கள். அவன் போன் பேச வெளியே போன நேரத்தில் டாக்டர் அவளிடம் சொன்னார். இந்த மாதிரிக் காய்ச்சல் வந்துபோனால் சில மாதம் கழித்து இப்படித்தான் கொட்டும், அப்புறம் தானாக முளைத்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று.

வெளியே வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான்.

கையை விரித்துவிட்டார் என்றாள்.

அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.

அவன் அந்த வாரமே அவளைப் பழனிக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

முடி இறக்கும் மண்டபத்தில் தரையெல்லாம் ஈரம். ஏதோ ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவன் சீட்டு வாங்கி வந்து அவள் தோளை அழுத்தினான். உட்கார் என்று அர்த்தம்.

அவள் உட்காரவில்லை.

“ஏனுங்க, யார் தலையில கொட்டுதோ அவங்ககிட்டத்தான் சாமி கேக்குது. இதுகூடவா புரியலீங்க?”

கத்தியில் புது பிளேடைச் செருகிக்கொண்டிருந்த நாவிதர் நிமிர்ந்து பார்த்தார்.

அவன் தலையில் கை வைத்தான். கையோடு ஒரு கொத்து வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு உட்கார்ந்தான்.

உச்சியிலிருந்து கத்தி வழித்துக்கொண்டு வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மைக்கு அடியில் அத்தனையும் நரை. இவ்வளவு சின்னத் தலையா என்று இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்றும் இருந்தது.

சந்தனத்தைக் குழைத்து அவளே பூசிவிட்டாள். காது மடல்வரை விடாமல் பூசினாள். பார்த்தவர்கள் நல்ல மனைவி என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தாள். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் பின்னலை அவிழ்த்தாள். வேண்டுமென்றேதான் அவிழ்த்தாள். அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு அவனுடைய சீப்பை எடுத்துக்கொண்டாள். இனி உங்களுக்கு எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

உச்சியிலிருந்து நுனிவரை ஒரு இழுப்பு.

சீப்பு நிறைய முடி.

தலையைச் சாய்த்து இன்னொரு முறை இழுத்தாள். மடியில் கற்றையாக விழுந்தது.

அவள் காய்ச்சல் அவன் காய்ச்சலுக்குப் பின்னால் வந்தது. இதுவும் பின்னால் வந்துவிட்டது.

அவன் அவள் மடியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

“உன்கிட்டயும் கேக்குதே, புள்ள.”

எழுந்து போய்க் கண்டக்டரிடம், கோயிலுக்கே திரும்பணும் என்று வண்டியை நிறுத்தச் சொன்னான்.

விசில் சத்தம். பஸ் ஓரம் கட்டியது. எல்லோரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் சொன்னது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவன் படியில் நின்று காத்திருந்தான். அவன் தலையில் அவள் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.